இரண்டு பாதியாய்ச் சுற்றிய கம்பி

புதுச் செப்புக் கம்பியை விரல்களுக்கிடையே உருவும்போது எழும் அரக்கு மணம், பிள்ளைகளே, வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலத்து கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குறுந்தெரு, "ஒழுங்கை" முழுதும் மணத்ததாகவே எனக்கு இன்னும் தோன்றுகிறது. என் அக்கா றேடியோவில், சிறுவர் நிகழ்ச்சியில், பாடப்போகிறாள் என்று ஆனதும், வீட்டில் றேடியோ இல்லாத எங்களுக்கு, அம்மா அதை எப்படிக் கேட்பது என்பதே பெருங்கவலையாயிற்று. "இன்னொருத்தர் வீட்டு விறாந்தையில போய்க் குந்தியிருந்து கேக்கிறதோ? அது வேண்டாம்," என்றுவிட்டார் அப்பா.

ஆகவே நானும் பக்கத்து வீட்டு ரஹீமும், பழைய சஞ்சிகைப் படமொன்றைப் பார்த்து, மின்சாரமே வேண்டாத "கிறிஸ்டல் செட்" றேடியோ செய்யத் தொடங்கினோம். ஒலியைப் பிரித்தெடுக்கும் கல்லும், அதைத் தொடும் ஊசியும், கம்பியும் ஹெட்போனும் புறக்கோட்டைப் பழைய சாமான் கடையில் கிடைத்தன. மட்டைக் குழாயில் கம்பி சுற்றுவதுதான் ருசியான வேலை; இருவரும் அதை விட்டுக்கொடுக்காததால், முதற்பாதியை அவன் தன் வீட்டிலும், அதன் முனையோடு முறுக்கி இணைத்து மறுபாதியை நான் என் வீட்டிலும் சுற்றினோம்.

பாட்டு நேரத்தில் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டினார். ஒரு சத்தமும் இல்லை. கல்லில் ஊசியை இடம் மாற்றிக் குத்தினோம், நிலத்தோடு தொடுக்கத் தண்ணீர்க் குழாயில் கட்டிய கம்பியைச் சுரண்டினோம். படத்தில் உள்ளதெல்லாம் இருந்தும் ஏன் பேசவில்லை என்று தலை சுற்றியது.

"ஒன்ட பாதியிலதான் பிழை. கம்பி சுத்தினியா, பம்பரம் சுத்தினியா மச்சான்?" என்றான் ரஹீம்.

"அப்ப உன்ர பாதியை மட்டும் வைச்சுக் கேள்," என்று முறுக்கைப் பிரித்து, என் பாதியைக் கழற்றிவிட்டேன். அவன் தன் பாதியின் முனையைச் செட்டில் பொருத்தியதுமே, பேசாதே என்று அம்மா கையை உயர்த்தினார். பாட்டு முடிந்தபின்தான் வாய் திறந்தார்: "பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு. வந்த உடன கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கோணும்."

அம்மா கேட்டுவிட்டார் என்று மகிழ்வதா, என் வேலையை எடுத்தபின்தான் கேட்டது என்று அழுவதா என எனக்கு விளங்கவில்லை. ரஹீம் இடக்கைக்காரன், அவன் ஒரு திசையிலும் நான் எதிர்த் திசையிலும் சுற்றியதால் ஒரு பாதி மற்றதைக் கெடுத்ததாம். என் பாதியைத் தனியே வைத்திருந்தாலும் பாட்டுக் கேட்டிருக்கும் என்று, வெகுகாலம் கழித்து றேடியோ திருத்துபவர் ஒருவர் சொன்னார். ஆளுக்கு ஆள் சரி, சேர்ந்தால் பிழை. அது எப்படி என்று இன்னும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

இப்போது அந்த ஒழுங்கையில் ஏரியல் கட்டிய மூங்கில் ஒன்றும் இல்லை. ரஹீம் வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. உங்கள் றேடியோப் பெட்டியோ மூடி முத்திரையிட்டே வருகிறது; உள்ளே எந்தப் பாதியை யார் சுற்றினார் என்று சண்டை பிடிக்க ஆளில்லை.