களைப்பைச் சொல்லாத இருவர்

கோயம்புத்தூருக்கு வந்து ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எனக்குப் பழகாத ஒன்று, இங்கே இரண்டு பேர் சேர்ந்து ஒரு பஸ்ஸில் ஏறுவது. பீளமேட்டு நிறுத்தத்தில் நானும் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாவும் நிற்போம். பஸ் வரும். "நீங்க ஏறுங்கக்கா" என்பார். "இல்லீங்க, நீங்க ஏறுங்க" என்று நானும் இங்கே கற்றுக்கொண்ட மரியாதையைக் காட்டுவேன். "அதெப்படீங்க, நீங்க மூத்தவங்க." அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். அடுத்த பஸ்ஸுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் சொந்தங்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அங்கே லொறி வந்து நின்றால் முழங்கை பலமானவருக்குத்தான் முதல் இடம்.

அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் நான். ஐந்தாம் வகுப்பு முடித்த வருசம் அப்பாவுக்கு இந்தியா போகும் பேப்பர் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். கல்யாணம் முடிந்திருந்த அக்கா ராசம்மா புருசன் வீட்டாரோடு அங்கேயே தங்கிவிட்டாள். இங்கே வந்து பஞ்சாலையில் அறுந்த நூலை முடிந்தே என் காலம் ஓடியது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதுவது தேவலை, எதிரே முகம் இருக்காது.

எங்கள் லயத்து வாசலில் நின்றால் சிவனொளிபாதமலை தெரியும். சீசனில் இருட்டியதும் படி நெடுக விளக்கு எரியும். விடிவதற்குள் உச்சிக்குப் போய்ச் சூரியனைப் பார்க்க வேண்டும் என்று சனங்கள் ஏறுவார்கள். அப்பா என்னை இரண்டு தடவை கூட்டிப் போனார். இரண்டு தடவையும் பாதி வழித் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கடைக்கார அம்மாவின் கம்பளிக்குள் என்னைச் சுருட்டி வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போனார்கள். விடிந்த பிறகு, மறந்து வைத்த குடையை எடுப்பது போல வந்து எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவை ஏறுவதற்குள் எனக்கு நாடு மாறிவிட்டது.

போன மாசி மாதம் பொன்னாத்தா வந்து கூச்சத்தோடு நின்றார். வெள்ளகோவில் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது, மகன் வேலைக்காக இங்கே வந்தவர். "மருமகளுக்கு நல்லபடியாப் பிரசவம் ஆனா வெள்ளியங்கிரி ஏறறேன்னு வேண்டிக்கிட்டனுங்க. நல்லபடியா ஆயிருச்சுங்க. துணைக்கு வாரீங்களா?" வெள்ளியங்கிரியில் இளவயதுப் பெண்கள் ஏறும் வழக்கமில்லை. முட்டி தேய்ந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறது அந்த மலை. சரி என்று சொல்லிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏழு மலையா? நீயா?" என்றாள் அக்கா. "அடியே, மொதக் கடையிலேயே ஒனக்கு ஒரு கம்பளி எடுத்து வைக்கச் சொல்லு."

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அறுபத்தாறு வயதாகிறது. இந்தப் பிறவியில் ஒரு உச்சியில்கூட நின்றதில்லை. இந்த முறை நின்றே தீருவது என்று முடிவு செய்தேன்.

பொன்னாத்தாவின் அண்ணன் செல்லமுத்து எங்களோடு வந்தார். பல வருசமாக ஏறுகிறவர். பொழுது சாய அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடியோடு கிளம்பினோம். முதல் மலையிலேயே எனக்குத் திக்கென்றது. ஏறுகிறவர்கள் எல்லோரும், "ஏனுங்க, இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்டுக்கொண்டே ஏறுகிறார்கள். இறங்குகிறவர்கள் சற்றும் கூசாமல், "வந்துருச்சுங்க, இதா பத்து நிமிசமுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்னும் ஆறு மலை இருக்கிறது! இந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்தவர் மனதைப் புண்படுத்தும் உண்மை வாயில் வராது.

எங்கள் மலையில் தூரம் கேட்கக்கூடாது. கால் வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று முனகவும் கூடாது. சொன்னால் மலை இன்னும் நீளும் என்பார் அப்பா. எதிரே வருகிறவர்களைப் பார்த்து 'கருணாவ' என்று சிங்களத்தில் வாழ்த்துவதோடு சரி. அருள் கிடைக்கட்டும் என்று அர்த்தம். இரண்டாம் மலையில் ஒரு பெரியவர் இறங்கி வந்தபோது, இத்தனை வருசம் எங்கே கிடந்ததோ, என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது.

அவர் நின்றார். "கருணாவுங்களா? அப்படி யாரையும் பாக்கலீங்களேம்மா. தொலைஞ்சு போயிட்டாங்களா? கீழ போயி மைக்குல சொல்லச் சொல்லட்டுங்களா?"

"இல்லீங்க, வீட்லதான் இருக்காங்க" என்று உளறிவிட்டு நடந்தேன்.

மூன்றாம் மலையில் என் முட்டி இரண்டும் தனித்தனியாக அழ ஆரம்பித்தன. தடியை ஊன்றி நடந்தேன். பொன்னாத்தா திரும்பிப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு உக்காரோணும்னா உக்காரலாமுங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு?"

"எனக்கென்னங்க! உங்களுக்காகத்தான் கேட்டனுங்க."

நான்காம் மலையிலும் இதே பேச்சு. ஐந்தாம் மலையில் செல்லமுத்து அண்ணனே மூச்சு வாங்கி நின்று, "ஏனம்மணி, நீங்க பொம்பளைங்களா, காங்கயம் காளைங்களா?" என்றார். ஆறாம் மலையின் சுனையில் ஒருவாய் குளிர்ந்த தண்ணீர் குடித்தோம். அங்கேயும் யாரும் உட்காரவில்லை.

ஏழாவது மலையில் காற்று ஆளைத் தள்ளியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பொன்னாத்தா ஒரு பாறையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "அக்கா, மூணாவது மலையிலயே என்ற காலு போச்சுங்க. நீங்க உக்காருவீங்க, உங்க சாக்குல நானும் உக்காந்துக்கலாம்னு பாத்தா, நீங்க மிசினாட்டம் நடக்கறீங்க. எப்படீங்க நான் சொல்றது?"

"நான் ரெண்டாவது மலையிலயே செத்துட்டேன். எங்க மலையில அதைச் சொல்லக்கூடாதுங்க."

இருவரும் சிரிக்கப் பார்த்தோம். குளிரில் பல்தான் அடித்தது. கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. "நீங்க அண்ணங்கூடப் போங்கக்கா. நான் இங்கயே இருந்துக்கறனுங்க" என்று அவர் என் சால்வையை வாங்கிச் சுற்றிக்கொண்டார். சுருண்டு உட்கார்ந்த அந்த உருவத்தைப் பார்த்ததும் எனக்குத் தேத்தண்ணிக் கடைக் கம்பளி ஞாபகம் வந்தது. அப்படி உட்கார்ந்தவளுக்கு உச்சி எப்படி இருக்கும் என்று யார் சொன்னாலும் ஆறாது. அவரை விட்டுவிட்டுப் போனால் சூரியனைப் பார்க்கலாம். அக்காவிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கு முடியலைங்க. காலு வலிக்குது. தொடை நடுங்குது. பசிக்குது" என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னேன். மலை ஒன்றும் நீளவில்லை. அவரும், "எனக்கு இடுப்பே இல்லீங்க" என்று ஆரம்பித்தார். குறைகளையெல்லாம் கொட்டித் தீர்த்தபோது மூச்சு சீராகியிருந்தது. பிறகு நான் மரியாதை பார்க்கவில்லை. "எந்திரி பொன்னாத்தா!" என்று ஒருமையில் அதட்டி, கையைப் பிடித்து இழுத்தேன். அவர் திகைத்துப்போய் எழுந்து வந்தார். முன்னால் செல்லமுத்து அண்ணன் தடியால் வழியைக் காட்டிக்கொண்டு போனார்.

உச்சியில், பாறைகளுக்கு நடுவே இருக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது சூரியன் கிளம்பிவிட்டது. எல்லோரும் கிழக்கே கைகூப்பினார்கள். நான் மேற்கே திரும்பினேன். சிவனொளிபாதமலையில் சூரியன் வந்ததும் சனங்கள் மறுபக்கம் ஓடுவார்களாம். மலையின் நிழல் கோபுரம் போலக் காட்டின்மேல் விழுமாம். அதைப் பார்த்தவர் அப்பா. வெள்ளியங்கிரிக்கும் நிழல் இருந்தது. கேரளாப் பக்கத்து மேகத்தின்மேல் நீலமாக, வெகுதூரத்துக்கு நீண்டு கிடந்தது.

"அக்கா, சூரியன் இந்தப் பக்கமுங்க" என்றார் பொன்னாத்தா.

"தெரியுமுங்க" என்றேன்.

என்னைத் தனியாக நிற்கவிட மனசில்லாமல், எதைப் பார்க்கிறேன் என்றுகூடக் கேட்காமல், அவரும் என்னோடு மேற்கே திரும்பி நின்றார். முதுகில் இந்த ஊர் வெயில் ஏற ஏற, நிழல் மெல்லச் சுருங்கி எங்கள் கால்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.