பெரியம்மா என்று கூப்பிட்ட வாய்

போடியில் வாடகை சைக்கிள் கடைக்காரர் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஊருக்குள்ளதான ஓட்டுவீக?" என்பது. "ஆமாண்ணே, பக்கத்துலதான்" என்போம். அடுத்த அரைமணி நேரத்தில் அந்த இரண்டு சைக்கிளும் முதல் பஸ்சின் தலையில் கயிறு போட்டுக் கட்டப்பட்டு, போடிமெட்டு மலையில் ஏறிக்கொண்டிருக்கும்.

நாங்கள் என்றால் நானும் என் சிநேகிதனும். எழுபதுகளின் நடுப்பகுதி. அவன் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தான். நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அதே பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதியதால் அதையும் ஒரு வேலை என்றே வீட்டில் சொல்லிக்கொண்டேன். மெட்டில் இறங்கி, பூப்பாறை வரை இறக்கத்தில் விட்டால் காது விறைத்துவிடும். அங்கிருந்து மூச்சு வாங்க ஏறினால் ஆனையிறங்கல் ஏரி. மலைகளுக்கு நடுவே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல அத்தனை தண்ணீர். கரையோரமாகத் தேயிலைக்குள் வளைந்து வளைந்து போகும் எஸ்டேட் ரோட்டில், எப்போதாவது ஒரு ஜீப்பு வரும். மற்ற நேரமெல்லாம் எங்கள் சங்கிலிச் சத்தம்தான். எதிர்க்கரையில் ஆனைகள் தண்ணீருக்கு இறங்கும். நான் அவற்றைப் பார்த்து வீரமாக மணியடிப்பேன். நடுவில் ஒரு ஏரி இருக்கிற தைரியம்.

ஏரிக்கு மேலே என் சிநேகிதன் வீட்டு ஏலத்தோட்டம் இருந்தது. அவன் அப்பா இறந்த பிறகு, காய் எடுக்கிற மாதங்களில் அவன் அம்மாவும் தங்கையும் அங்கேயே தங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோவதுதான் எங்கள் பயணத்துக்கு நாங்கள் வைத்திருந்த கௌரவமான காரணம்.

முதல் தடவை போனபோது பசியில் எனக்குக் கண் இருண்டுவிட்டது. அவன் அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏப்பு, என்னைய என்ன மொறை சொல்லிக் கூப்புடுவ?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. நாங்கள் ஒரே சாதிசனம், ஆனால் சொந்தமில்லை. அப்படிப்பட்டவன் ஒரு வீட்டில் கை நனைத்தால் முதலில் முறை வைத்தாக வேண்டும். 'அத்தை' என்றால் அந்த வீட்டுப் பெண் முறைப்பெண். 'பெரியம்மா' என்றால் அவள் தங்கச்சி. ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டால் அவ்வளவுதான், பத்திரம் பதிந்த மாதிரி.

நான் யோசித்தேன். சோற்றைப் பற்றித்தான் யோசித்தேன். என் சொந்த அத்தை இரண்டாம் கரண்டிக்கு முகத்தைச் சுளிப்பவர். பெரியம்மாவோ கேட்காமலே போடுவார்.

"பெரியம்மா" என்றேன்.

குழம்பு வந்தது. ஆம்லெட்டும் வந்தது. அதுவரை என்னை "மாப்ளே" என்றுகொண்டிருந்த சிநேகிதன், "பங்காளி, அப்பளம் வேணுமாடா?" என்றான். பதவி உயர்வு கிடைத்தவன் போலச் சிரித்தேன். மூலையில் ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அவன் தங்கையை, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை, நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சில வருஷங்கள் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் எனக்கு ஒரு லாரி ஆபீசில் வேலை கிடைத்திருந்தது. அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, என் சைக்கிளின் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் சீட்டைப் பிடித்தபடி ஓடினேன்.

"விட்றாத அண்ணே!"

"விடல ஆத்தா, நீ மிதி!"

அவள் விழவில்லை. நான்தான் தேயிலைச் செடிக்குள் விழுந்தேன். எழுந்தபோது அவள் வளைவில் போய் நின்று, திரும்பிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏரி முழுக்க வெயில். சட்டையில் ஒட்டியிருந்த தேயிலையைத் தட்டியபடி நின்ற எனக்கு, நான் தொலைந்தேன் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த பருவத்துக்குள் அவள் சீட்டில் உட்கார்ந்தே ஓட்டினாள். சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கொரு சைக்கிளில் ஏரிக்கரையில் ஒரு நடை போய்வருவது எங்களுக்கு வழக்கமாயிற்று. எங்கள் பக்கத்தில் வயதுப்பெண்ணை எவனோடும் அப்படி அனுப்ப மாட்டார்கள். அண்ணனோடு அனுப்பலாம். அவள் பக்கத்தில் போக எனக்கிருந்த ஒரே அனுமதிச் சீட்டு, அவளை என்றைக்கும் கட்டிக்கொள்ள முடியாது என்கிற சீட்டுதான்.

முறையை மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் சாப்பிடும்போது போகிறபோக்கில், "அத்தே, கொஞ்சம் ரசம்" என்றேன். பெரியம்மா கரண்டியோடு வாசலை எட்டிப் பார்த்தார்.

"அத்தையா? யாருடா வந்திருக்கா?"

யாரும் வரவில்லை. ரசம் மட்டும் வந்தது.

சிநேகிதனிடம் சொல்லிவிடுவது என்று ஒருநாள் முடிவு செய்தேன். திரும்பும் வழியில், இறக்கத்துக்குப் பிரேக் போதாது என்று சைக்கிளுக்குப் பின்னால் மரக்கிளையைக் கட்டிக்கொண்டிருந்தோம். "டேய், ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"இரு, மொதல்ல நான் சொல்றேன். தங்கச்சிக்குச் சின்னமனூர்ல ஒரு எடம் வந்திருக்கு. பங்காளிதான் போய் மாப்பிள்ளைய விசாரிச்சிட்டு வரணும்னு அம்மா சொல்லுச்சு. நான் போனா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க. ஒனக்குத்தான் பேச்சு வரும். ஆமா, நீ என்ன சொல்ல வந்த?"

"கிளைய இறுக்கிக் கட்டு" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அண்ணன்மார் சோலி. அண்ணனாகத்தான் சின்னமனூர் போனேன். டீக்கடையில் கேட்டேன், சலூனில் கேட்டேன். குடியில்லை. சீட்டாட்டமில்லை. கடைசி நம்பிக்கையாக அவன் தெருவில் பால்காரரிடம் கேட்டேன்.

"அந்தத் தம்பியா? அவங்கம்மா சீக்கா கெடக்கைல அதுதான் சோறாக்கிப் போட்டுச்சு. பொண்ணு குடுத்தா கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்ணே."

அவரை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

ஒரு வார்த்தை போதும். 'பெரியம்மா, சரிப்படாது' என்றால் அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்திருக்கும். என்னை நம்பி அனுப்பியிருந்தார்கள். நம்பாமல் அனுப்பியிருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். "தங்கமான பையன் பெரியம்மா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வாயில் சர்க்கரை போட வந்தார்.

சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீர் வற்றி, கரையெல்லாம் சிவந்த மண் தெரிந்தது.  முதல் வளைவு தாண்டியதும் அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆளு எப்பிடி?"

"நல்லவருதான்."

"ஒரு கொறையும் இல்லையா?"

"தேடித்தான் பாத்தேன்."

அவள் பெடல் மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் கொஞ்ச தூரம் தானாகவே உருண்டது.

"இன்னுங் கொஞ்சம் தேடியிருக்கலாம்ல" என்றாள்.

அந்த 'அண்ணே' இல்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை இல்லாமல் என்னிடம் பேசினாள். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு மணியை மட்டும் அடித்தேன். அவள் எழுந்து நின்று மிதித்து, முன்னால் வேகமாகப் போய்விட்டாள். இந்த முறை வளைவில் நிற்கவில்லை.

போடியில் கல்யாணம். பந்தி பரிமாறினேன், மைக்செட்டுக்காரனோடு சண்டை போட்டேன், மாப்பிள்ளையைக் கிண்டலடித்து மண்டபத்தையே சிரிக்கவைத்தேன். "இப்படி ஒரு மச்சான் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று அவர் என் தோளில் கை போட்டார். சத்தியமாக நல்ல மனுஷன்.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் சைக்கிளோடு மெட்டுக்குப் போனேன். தோட்டத்து வீட்டுக்கு ஏறவில்லை. ஏரியோரமாக ரோடு போகிற மட்டும் போய், திரும்பி, மறுபடியும் போனேன். மூன்றாம் நடையில், செக்போஸ்ட்டில் இருந்த எஸ்டேட்டின் மலையாளி வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எந்தா மோனே, கண்ணுல பூச்சி போயோ?"

"ஆமா சேட்டா."

"ரெண்டு கண்ணுலயுமோ?"

"இங்க பூச்சியெல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் வருது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கம்பைத் தூக்கி வழிவிட்டார்.