யூனிஃபார்மைத் தேடி வந்த பூச்சிகள்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இனக்கவர்ச்சிப் பொறிக்கான ரப்பர் குப்பிகள் தயாராகின்றன. திராட்சை இலையைத் தின்னும் ஒரு புழு, வளர்ந்து அந்துப்பூச்சியாகும். அதில் பெண்பூச்சி ஆணை அழைக்க ஒரு வாசனை விடும். அதே வாசனையைச் செயற்கையாகச் செய்து குப்பியில் ஏற்றுவது எங்கள் லைன். தோட்டத்தில் மாட்டிவைத்தால் ஆண்பூச்சிகள் தேடி வந்து பொறிக்குள் விழும். நம் மூக்குக்கு அது தெரியவே தெரியாது.

போன மழைக்காலத்தில் என் கணவர் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, வாலாஜாபாத் சாலையில் லாரி மோதி இறந்துபோனார். வடக்குப்பட்டு வீட்டில் நானும் மாமியாரும்தான் மிச்சம். மாமியார் அழவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

கருமாதி முடிந்து வேலைக்குப் போனேன். யூனிஃபார்மைக் கம்பெனியிலேயே கழற்றி வைக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்கு எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. யூனிஃபார்மோடே பஸ் ஏறிவிடுவேன். வீட்டில் கணவர் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டுவேன்.

ஒரு சாயங்காலம் மாமியார் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரும்மா. வெளக்காண்ட கூட போவாம அவன் படத்தையே சுத்திக்கினு கீது. அவன்தான் வந்துகீறான்."

பழுப்பு நிற அந்துப்பூச்சி. திராட்சையைத் தின்னும் அதே புழு எங்கள் பக்கத்து வேர்க்கடலையையும் தின்னும். யூனிஃபார்மில் ஒட்டிய வாசனைக்குத்தான் வந்திருக்கிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு மாமியார் தானே தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நான் உண்மையைச் சொல்லவில்லை, யூனிஃபார்மை அங்கே மாட்டுவதையும் நிறுத்தவில்லை.

நாளுக்கு நாள் பூச்சிகள் கூடின. ஒருநாள் சுவரெல்லாம் பூச்சி. மாமியார் திகைத்துப்போய் நின்றார்.

"இதுல எதும்மா அவன்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. யூனிஃபார்மைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அப்போ பொண்ணு இருக்குதுன்னு நம்பி வருதுங்களா?"

"ஆமா அத்தை."

"பாவம். வந்து பாத்தா யாரும் இல்ல."

யூனிஃபார்மை எடுத்து ஒரு கவரில் போட்டு இறுகக் கட்டினார். "நாளைக்கு அங்கியே வெச்சிட்டு வா. நம்ம வூட்ல அதுங்களும் ஏமாற வேணாம்."

பிறகும் சில நாட்கள் ஒன்றிரண்டு வந்தன. எதுவுமே வராத சாயங்காலம் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். அப்புறம்தான் அழுதார், வாய்விட்டு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.