வேலுத்தாயின் சூட எண்ணெய்

துருப்பிடித்து இறுகிப்போன நட்டைக் கழற்ற வேலுத்தாய் ஓர் எண்ணெய் கலந்து விற்றாள். ராஜபாளையத்து லாரிப் பட்டறைகளில் அதற்குச் சூட எண்ணெய் என்று பெயர். மண்ணெண்ணெய், மெல்லிய கியர் ஆயில், பெயின்ட் கடையில் வாங்கும் தின்னர், பாட்டிலுக்கு ஒரு கட்டி சூடம். வேறொன்றும் இல்லை. ஆனால் எதில் எவ்வளவு என்பது அவள் கைக்குத்தான் தெரியும். அவள் வீடும் என் வீடும் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக எந்நேரமும் சூட வாசனை வரும். புதிதாக வருகிறவர்கள், வெள்ளிக்கிழமைகூட இல்லையே, என்ன பூசை என்று கேட்பார்கள்.

எண்ணெய் அவள் கண்டுபிடித்தது அல்ல. அவள் புருஷன் கருத்தையா பட்டறையில் பிட்டர். தன் வேலைக்கென்று கலந்து வைத்துக்கொள்வான். நெஞ்சுவலி வந்து அவன் போனபோது மகள் சந்தனம் நடை பழகிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்த பட்டறைக்காரர்கள் எழுந்து போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: "அந்த எண்ணெய் ஏதும் மிச்சம் இருக்காம்மா?" அவளுக்குப் பிழைப்பு அப்படித்தான் வந்தது.

வாங்குகிறவர்களிடம் அவள் சும்மா பாட்டிலை நீட்ட மாட்டாள். "நல்லாக் குலுக்கு. தின்னர் மேல நிக்கும், ஆயில் கீழ நிக்கும். குலுக்குன கையோட ஊத்து. மரையோட வாயில சொட்டுச் சொட்டா விடணும். சின்னச் சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டு. ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில முதல்ல கொஞ்சம் இறுக்கு, பொறவு தளத்து. அவசரப்பட்டு ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி எக்கினேன்னு வையி, போல்ட்டு முறிஞ்சு உங்கையில வந்துரும். அப்ப எங்கிட்ட வந்து நிக்காத." பெரிய பெரிய டிரைவர்கள் எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போவார்கள். தின்னர் பட்டுப் பட்டு அவள் விரல் தோல் உரிந்துகொண்டே இருக்கும். சோறு பிசையும்போது எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவாள்.

இரவு பகல் என்று பார்க்காமல் கொடுத்தாள். லாரி நேரம் பார்த்தா நிற்கிறது?

சந்தனத்துக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வினை வந்தது. வந்த இடமெல்லாம் தட்டிப்போயிற்று. ஒருவருக்குத் தகப்பன் இல்லாத பெண் வேண்டாம். இன்னொருவருக்கு நிறம் போதவில்லை. கருத்தையாவின் அக்காள் மாரியாத்தாள் ஒருநாள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து காரணத்தைச் சொன்னாள்.

"விளக்கு வச்ச பொறவு உப்பு குடுக்கமா? ஊசி குடுக்கமா? நீ என்னடான்னா எண்ணெயைப் பாட்டில் பாட்டிலா அள்ளிக் குடுக்க. லச்சுமி எப்படித் தங்குவா இந்த வீட்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மதினி, அது விளக்குக்கு ஊத்துற எண்ணெயா? லாரி நட்டுக்கு ஊத்துறது" என்றேன்.

"எண்ணெய்ன்னு பேரு வச்சிட்டா எண்ணெய்தான். அதுலயும் சூடத்தை வேற போட்டுக் குடுக்கா! தாலி அறுத்தவ தெரியாமச் செய்தா, கூட இருக்கவியளாவது சொல்லப்படாதா?"

தாலி அறுத்தவ என்ற அந்த வார்த்தை வேலுத்தாயை அறுத்துவிட்டது. அன்றைக்கே சொல்லிவிட்டாள். விளக்கு வைத்தபிறகு யார் வந்தாலும் எண்ணெய் கிடையாது. நான் எவ்வளவோ சண்டை போட்டேன். "எம்மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும்க்கா. பொறவு நடுச்சாமத்துலயும் குடுக்கேன்" என்றாள்.

விதியைப் பாருங்கள், அவள் அப்படி நிறுத்திய கொஞ்ச நாளிலேயே கான்சாபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஐயாதுரை என்று பெயர். கிணற்றுப் பாசனத்தில் நெல் போடுகிறவர். மகன் பெயர் சமுத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் பிரகாரத்தில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பையன் மெதுவாகத் தகப்பனிடம், "சூட வாசனை வருதுய்யா" என்றான். "கோயிலுக்குள்ள சூட வாசனை வராம, மீன் வாசனையாலே வரும்?" என்றார் ஐயாதுரை. வாசனை பெண்ணின் கையிலிருந்து வந்தது. சந்தனம் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அறுப்பு முடிந்ததும் வைகாசியில் கல்யாணம் என்று பேசினார்கள். நெல்லை விற்றுத்தான் அவர்கள் செலவு செய்யவேண்டும். இங்கே இவளிடமும் பாட்டில்களைத் தவிர ஒன்றும் இல்லை. ஆகவே எல்லாம் அந்த நெல்லில் நின்றது.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. மழை பொய்த்துப்போன காலம். வத்திராயிருப்புப் பக்கம் கிணறுகளெல்லாம் இறங்கிக்கொண்டே போயின. தண்ணீர் இறங்க இறங்க, கிணற்றுக்குள் திட்டின்மேல் இருக்கும் மோட்டாரையும் கீழே இறக்கவேண்டும். இல்லாவிட்டால் உறிஞ்சாது. இறக்குவதற்குக் குழாய் மூட்டில் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றவேண்டும். வருஷக்கணக்காக ஈரத்தில் இருந்த இரும்பு சும்மா கழலுமா?

மாசி மாதம் ஒரு சாயங்காலம், வேலுத்தாய் விளக்கேற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஐயாதுரை தெரு முக்கில் வேகமாக வந்துகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"தாயி, ஒரு பாட்டில் எண்ணெய் குடு. மோட்டாரை இறக்கணும். நாலு போல்ட்டும் அசைய மாட்டேங்குது. நெல்லு கதிர் வாங்கி நிக்கி, ஒரே ஒரு தண்ணி பாஞ்சாப் போதும்."

வேலுத்தாய் முகம் வெளுத்துவிட்டது. "விளக்கு வச்சிட்டேனேண்ணே."

"எனக்கும் தெரியும் தாயி. வெளிச்சத்தோட வந்திருப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ்ஸு பஞ்சராகிப் படுத்துட்டு."

"ஊர்க்காரவியளுக்குக் குடுத்தாக்கூட லச்சுமி மன்னிச்சிருவா. நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரவிய. இப்ப உங்க கையில எண்ணெயைக் குடுத்தா, எம்பிள்ளையோட லச்சுமியை அள்ளிக் குடுத்த மாதிரி ஆயிருமேண்ணே."

அவர் சிரித்தார். "எங்க வீட்டுக்குத்தான வரப்போறா? லச்சுமி செத்த நேரம் முன்னாடி வந்தா என்ன?"

நான் என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏட்டி வேலு, மண்ணெண்ணெயும் தின்னரும்டி அது! லச்சுமி அந்த நாத்தத்துப் பக்கம் வருவாளா? குடுத்து அனுப்புட்டி" என்று கத்தினேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா."

உள்ளேயிருந்து சந்தனம், "குடும்மா" என்றாள்.

"நீ பேசாத. எல்லாம் உனக்காகத்தான்."

ஐயாதுரை தணிந்துபோய்ச் சொன்னார்: "நீ குடுக்க வேண்டாம் தாயி. நானே எடுத்துட்டுப் போறேன். களவுன்னு வச்சுக்க." வேலுத்தாய் வாசல் நிலையில் கை வைத்து மறித்து நின்றாள். பெண் கொடுக்கப்போகிற வீட்டில் மறித்து நிற்கிறவளைத் தாண்டிப்போக அவருக்கு மனம் வரவில்லை.

"விடியட்டும்ண்ணே. முதல் பஸ்ஸுக்கு நானே கொண்டாந்து, எங்கையாலயே ஊத்தித் தாரேன்."

"விடிஞ்சு ஊத்தினா எப்ப ஊறும்? கிணறு பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு. நாளைக்கு எங்க முறை. விட்டா அடுத்த முறைக்குள்ள பயிர் பொசுங்கிரும். ஆளுக்குச் சொல்லியாச்சு. ராத்திரி ஊறினாத்தான் காலையில இளகும்னு நீதான தாயி சொல்லிக் குடுத்த?"

வேலுத்தாய் அவருக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள். திண்ணையில் உட்கார்ந்து குடித்தார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்தவர், போகும்போதும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விடியுமுன்பே வேலுத்தாய் என் கதவைத் தட்டினாள். இரண்டு பாட்டில்களை மஞ்சள் பையில் வைத்திருந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் ஒரு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே வந்தாள். "இப்பவே எதுக்குடி குலுக்குற?" என்றேன். அவள் காதில் விழவில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. ரோட்டோரத்து வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

கான்சாபுரத்தில் இறங்கி வரப்பில் நடந்தோம். கிணறு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் இரும்பு முறிகிற சத்தம். பிறகு கிணற்றுச் சுவரில் மோதி மோதி எதுவோ கீழே போகிற சத்தம். கடைசியில் தண்ணீரில் விழுந்த சத்தம் இல்லை, சேற்றில் விழுந்த சத்தம். வேலுத்தாய் அங்கேயே நின்றுவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். நேரம் போகிறதே என்று ஸ்பேனரில் பைப்பைச் சொருகி நான்கு பேர் தொங்கியிருக்கிறார்கள். ஒரு போல்ட் முறிந்து, குழாயில் போல்ட் மாட்டுகிற காது தெறித்து, பம்பு அப்படியே சரிந்து பாறையில் மோதி, இரண்டாகப் பிளந்து சேற்றில் போய் விழுந்துவிட்டது. சமுத்திரம் திட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தான். ஐயாதுரை மேலே நின்று கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலுத்தாய் சேலையைச் சொருகிக்கொண்டு படியில் இறங்கினாள். மேல்குழாயில் மிச்சமிருந்த போல்ட்டுகளுக்குக் குலுக்கிக் குலுக்கிச் சொட்டு விட்டாள். கல்லை எடுத்துச் சுற்றித் தட்டினாள். "இனிமே எதுக்கும்மா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் விட்டபாடில்லை. வெயிலில் பகலெல்லாம் அங்கேயே உட்கார்ந்து, ஊற்றுவதும் தட்டுவதுமாக இருந்தாள். பொழுது சாய்ந்ததும் ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சின்னத் தட்டுத்தான். பிறகு விரலாலேயே சுற்றிக் கழற்றிவிட்டாள். அடுத்ததும் அப்படியே வந்தது. எல்லாவற்றையும் கழற்றி வரிசையாகத் திட்டில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சமுத்திரத்தின் தாய் சுடலைமாடத்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இருந்தும் குடுக்காத கை. அந்தக் கை வளத்த பிள்ளை எங்களுக்கு வேண்டாம்."

"ஏட்டி, சும்மா இரு" என்றார் ஐயாதுரை. ஆனால் வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.

நெல் பதராகப் போயிற்று. வைகோலைக்கூட மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது என்று சொன்னார்கள். நிலத்தை ஒத்திக்கு விட்டுவிட்டு ஐயாதுரை மகனோடு பம்பாய்ப் பக்கம் போய்விட்டார். சமுத்திரம் அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டான். செய்தி வந்த மறுநாள் சந்தனம் காலையில் பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போனாள். போனவள் போய்க்கொண்டே இருந்தாள். கண்ணிமையில் பஞ்சு ஒட்டியிருக்கும். இருமல் வந்து நிற்கவில்லை. பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவும் இல்லை.

யார் என்ன சொன்னாலும் நான் வேலுத்தாயைக் குறை சொல்ல மாட்டேன். மாரியாத்தாளே பிற்பாடு, "நான் என்ன, சம்பந்திக்குக் குடுக்காதன்னா சொன்னேன்?" என்று தெருவெல்லாம் பேசினாள். வேலுத்தாய் அவளோடு சண்டைக்குப் போகவில்லை. வேறொன்று செய்தாள். கான்சாபுரத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து வீட்டில் விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டாள்.

நான் அதற்கும் சண்டை போட்டேன். "கார்த்திகைக்குக்கூடவாட்டி?"

"விளக்கு வச்சாத்தானக்கா, வச்ச பொறவு குடுக்கக்கூடாது? எங்க வீட்ல விளக்கே வைக்கல. யாரு எப்ப வந்தாலும் குடுப்பேன்."

"பொழுது சாய விளக்கில்லாம ஒரு வீடா? வெளக்கமாத்துக்குக் கூட ஒரு நேரம் காலம் உண்டு. உனக்கு ஒண்ணும் கிடையாதா?"

"கிடையாதுக்கா" என்றாள்.

கார்த்திகை இரவில் தெரு முழுவதும் அகல் எரியும். அந்த ஒரு வாசல் மட்டும் பல்லு விழுந்த இடம் மாதிரி இருட்டாக இருக்கும். நான் என் அகலில் இரண்டைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைப்பேன். எடுத்து வந்து என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள். பதினைந்து வருஷத்துக்கு நெருக்கமாக அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. அந்த இருட்டு வீட்டுக்கு எந்நேரமும் ஆள் வந்தார்கள். எல்லாருக்கும் கொடுத்தாள். பாதிப் பேரிடம் காசுகூடக் கேட்கவில்லை. அவள் எதிர்பார்த்த ஒரு ஆள் மட்டும் அந்தத் தெரு முக்கில் திரும்பவே இல்லை.

தொண்ணூற்றேழில், ஐப்பசி மழையில், ஒருநாள் மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பிணத்தின் தலைமாட்டில் விளக்கேற்ற வேண்டுமே. வீட்டில் விளக்கைத் தேடினால், பரண்மேல் பச்சை பிடித்துக் கிடந்தது. நான்தான் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவந்து வைத்தேன். சந்தனம் ஏற்றினாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எரிந்த விளக்கு அது.

பொழுது இறங்கியிருந்தது. ஒரு லாரி டிரைவர், வெளியூர்க்காரன் போலிருக்கிறது, ஒன்றும் அறியாமல் வாசலில் வந்து நின்று, "ஆச்சி, சூட எண்ணெய் ஒண்ணு" என்று குரல் கொடுத்தான். பிறகுதான் உள்ளே பார்த்தான்.

மாரியாத்தாள் மூலையிலிருந்து எழுந்தாள். "ஏலே, கண்ணு தெரியல? சாவு வீடு. அதுலயும் விளக்கு எரியுது. போலே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தான். சந்தனம் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். மாரியாத்தாள் அவள் கையைப் பிடித்தாள். "பிள்ளே, விளக்கு வச்சு எம்புட்டு நேரமாகுது!"

"விடு அத்தை. இனிமே இந்த வீட்டை விட்டுப் போறதுக்கு என்ன இருக்கு?"

வாசலுக்குப் போய் அவனிடம் கொடுத்தாள். "நல்லாக் குலுக்குங்கண்ணே. ராத்திரி பூரா ஊறணும். அவசரப்படாதிய" என்றாள். அவன் நீட்டிய காசை வாங்கவில்லை. திரும்பி வந்து தாயின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இருமல் வந்தது. அடங்கும்வரை இருமிவிட்டு, விளக்கில் எண்ணெய் குறைந்திருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றினாள்.