கதவு சர்வரின் கடிகாரம்

காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாடு என்றால் வீதிக்கு வீதி கரண்டை நிறுத்திவிடுவார்கள். சாமியின் குடை மின்கம்பியில் பட்டுவிடக் கூடாது. பெருமாள் அடுத்த வீதிக்குத் திரும்பிய பிறகுதான் கரண்ட் வரும். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. என் சர்வர்களுக்குத்தான் ஆகாது.

நான் வேலை பார்ப்பது அப்படி ஒரு வீதியில் இருக்கும் தனியார் மருத்துவமனையில். மூன்று லினக்ஸ் சர்வர்கள் சேர்ந்த ஒரு கிளஸ்டர் என் பொறுப்பு. அதில் ஒரு சர்வர் நோயாளிகளின் மானிட்டர்களைப் பதியும். இன்னொன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைப் பார்த்துக்கொள்ளும். ஊழியரோ நோயாளியின் உறவினரோ, அட்டையைக் காட்டி யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பது அதில் இருக்கும். மூன்றும் ஒரே நேரம் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன சர்வீஸ் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிற வரை யாரும் அதை நினைப்பதில்லை, நான் உட்பட.

ஒரு புறப்பாட்டுக் காலையில் என் அக்காவின் கணவர் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் மாரடைப்போடு கிடந்தார். பட்டுக்கடை வாசல்களில் ஆட்டோ ஓட்டியவர். வீதியில் மேளம் கேட்டதும் அக்கா, "கும்புட்டு வந்துர்றேன், பாத்துக்கோமா" என்று நர்சிடம் சொல்லிவிட்டு ஓடினாள். துளசியோடு திரும்பியபோது டாக்டர்கள் மாமாவின் கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். அவர் மீளவில்லை.

"புருஷன் உசுரு போவும்போது இவ தெருவுல நின்னுக்கினு இருந்தா" என்று மாமாவின் அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவுகளைப் பார்த்தேன். மானிட்டரில் இதயம் நிற்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே அக்காவின் அட்டை கதவைத் திறந்திருந்தது. காரியத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அத்தை, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. அவ உள்ளதான் இருந்தா." அவர் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். என் தொழிலை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் காவலாளி வந்து, "கதவு டைம் தப்பா காட்டுதுபா" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். புறப்பாட்டுக்காகக் கரண்ட் போனபோது கதவு சர்வரின் யுபிஎஸ் கைவிட்டிருக்கிறது. ஜெனரேட்டர் வந்ததும் சர்வர் எழுந்திருக்கிறது, நேர சர்வீஸ் எழவில்லை. யாரோ அதை ஓட விட்டிருக்கிறார்கள். மெஷின் அணைந்து எழும்போது தானாக எழும்படி வைக்கவில்லை. அன்றிலிருந்து சர்வர் தன் போர்டில் இருந்த பழைய கடிகாரத்தை நம்பியே ஓடியிருக்கிறது. சர்வீஸைக் கிளப்பினேன். கடிகாரத்தைப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் தள்ளியதாக லாக்கில் ஒரு வரி விழுந்தது.

அப்படியென்றால் கதவு பதிந்த நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் அக்கா வந்திருக்கிறாள், மாமா போன பிறகு. இதைத் தனியாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. முசரவாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். கொடியில் மாமாவின் காக்கிச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டா. அவரு காலத் தொட்டப்பவே தெரிஞ்சிடுச்சி" என்றாள். "ஆனா நீ அத்தினி பேர் முன்னாடி சொன்னியே, அப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. நான் வந்தது தெரிஞ்சிதான் போனாரோன்னு. அத நெனச்சிக்கினுதான் ஒரு வாரமா சோறு எறங்குது."

சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்டா."