யாழ்மொழி என்று கூப்பிட்டால்

பல் டாக்டரிடம் காத்திருந்தேன். அறை முழுக்கக் கராம்புத் தைல வாசம். நர்ஸ் "யாழ்மொழி!" என்றதும் ஒரு சின்னப் பெண் துள்ளி எழுந்து உள்ளே போனாள்.

இப்போது வகுப்புக்கு இரண்டு யாழ்மொழி இருக்கிறார்களாம். அன்றைக்கு மாத்தளையில் நான் ஒருத்திதான். யாழைப் போல இனிக்கப் பேசுபவள் என்று, கேட்காத பஸ் கண்டக்டருக்குக்கூட அப்பா அர்த்தம் சொல்வார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர் அவர்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். அன்று அப்பா கச்சேரியில் இருந்தார், அம்மா ஊருக்குப் போயிருந்தா. எதிர்வீட்டு நபீஸா மாமி என்னைத் தங்கள் கராம்பு அறைக்குள் தள்ளிப் பூட்டினார்.

"மகள், ஆரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் குடுத்துராதீங்க."

மூட்டைகளுக்கு நடுவே காலை நீட்ட இடமில்லை. கராம்பு நெடி கண்ணைக் கரித்தது. வெளியே எங்கள் வீடு எரிகிற சத்தம் கேட்டது.

பிறகு தெருவில் அப்பாவின் குரல்.

"யாழ்மொழி! யாழ்மொழி!"

அந்தத் தெருவில் அந்தப் பெயரைக் கத்தக்கூடாது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அவரைப் பிடித்துவைத்துக் கூப்பிடச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்தேன். சாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

மாமி ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அப்பா என்னைத் தேடி நெருப்புக்குள் போய்விட்டார். இரண்டு கையும் வெந்துதான் வெளியே வந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, சாகும்வரை, "பிள்ளை" என்று மட்டுமே கூப்பிட்டார்.

"யாழ்மொழி!"

நர்ஸ் மறுபடி வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். இந்த முறை நான்தான். மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். என் பல் இன்னும் அந்தச் சாக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.