ரெங்காஸ் விறகில் மருந்து காய்ச்சிய வைத்தியர்

சீனியப்பன் போய்விட்டார். எங்கள் ரப்பர் எஸ்டேட் கூலி லயத்தில் தன்னைத் தானே வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். காலையில் ரயில் ஸ்டேஷனில் வைத்துச் சொன்னார்கள்.

லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்து நண்பர்கள் "தங்கமான மனுஷன்" என்று ஆரம்பிக்கும் முன்னால் நான் எழுதிவிடுகிறேன்... தங்கமாம். மண்ணாங்கட்டி.

பல்வலிக்கும் பேதிக்கும் ஒரே கஷாயம் கொடுப்பார். கேட்டால், "வயிறுதான்யா எல்லாத்துக்கும் மூலம்" என்பார். பல்லுக்குமா என்று கேட்டவனை ஒரு மாதம் பேசாமல் ஒதுக்கிவைத்தார்.

என் மனைவி பார்வதிக்கு இரண்டு கையிலும் படர்தாமரை. வருஷக்கணக்கில் அரிப்பு... சொறிந்து சொறிந்து ரத்தம் வரும், பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாது.

ரப்பர் விலை விழுந்த நேரம் அது. வேலைக்கு ஆகாதவர்களை எல்லாம் துரை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். அடுத்தது அவள்தான் என்று இரண்டு பேருக்கும் பயம்.

பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பெரியவர் பாக் மாட் ஒரு கட்டு இலை கொடுத்தார். சீமையகத்தி... மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்கள். அரைத்துப் பூசினாள், சில நாளிலேயே அரிப்பு அடங்கத் தொடங்கியது.

ஆஸ்பத்திரி டிரஸ்ஸரே பார்த்துவிட்டு, "விடாம பூசும்மா. நம்ம மஞ்சள் களிம்பும் ஒரு மரத்துச் சத்துதான்" என்றார்.

அது பொறுக்குமா நம் ஆளுக்கு? "வெறுமனே அரைச்சுப் பூசுறதெல்லாம் வைத்தியமா? காய்ச்சி ஆவி பிடிக்கணும்!" என்று லயத்துக்கு முன்னால் அண்டாவை ஏற்றினார். சொறி சிரங்கு உள்ள பெண்களைச் சுற்றி உட்காரவைத்தார்.

நான் வேண்டாம் என்றேன். "வைத்தியர் மாமா கூப்பிடுறாரு, போகலேன்னா நல்லாருக்காது" என்று பார்வதி போய்விட்டாள்.

விறகு? காடு வெட்டின இடத்தில் சும்மா கிடந்த ரெங்காஸ் கட்டை. சாறோ புகையோ பட்டாலே உடம்பு தடித்துப்போகும் மரம்.

அந்த வழியாக வந்த பாக் மாட், "ஜாங்கான் பாக்கார்!" என்று பதறினார். எரிக்காதே என்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

"இலை குடுத்ததோட நிறுத்திக்கச் சொல்லு லா. வெறகுக்கும் மருந்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" இது வைத்தியர்.

மறுநாள் பார்வதிக்குக் கண் திறக்கவில்லை. முகமெல்லாம் பணியாரம் மாதிரி வீங்கி, உடம்பெல்லாம் அரிப்பு. மற்ற பெண்களுக்கும் அதே கதி. வைத்தியர் வந்து பார்த்தார்... "உள்ள இருந்த கெட்ட நீர் வெளிய வருது. நல்ல குறி!"

அன்று பார்த்து துரை லயத்துக்கு வந்தார். யார் வேலை இது என்று கேட்டார். அத்தனை வாய் பேசுகிற மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு பார்வதியைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணுதாங்க தொரை கம்பத்துலேருந்து எலை கொண்டாந்துச்சு."

வீக்கம் வடிந்தது. அவள் மறுபடியும் இலையை அரைத்துப் பூசினாள், கை சுத்தமாக ஆறியது. ஆனால் துரை வேலைப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார். ஒருத்தர் சம்பளமாவது வேண்டும் என்று நான் இங்கே தங்கினேன். அவள் சிங்கப்பூரில் ஊருக்குக் கப்பல் ஏறினாள்.

வழியனுப்ப வந்த வைத்தியர் சொன்னார்... "கை ஆறிருச்சு பாத்தியா? நம்ம ஆவிதான்!"

த்தூ.

பாடை தூக்க ஆள் கேட்டு இப்போதுதான் வந்துவிட்டுப் போகிறார்கள். பார்வதி இங்கே இருந்தால், "செத்தவங்க மேல என்ன கோவம், கெளம்புங்க" என்று என்னைத் துரத்தியிருப்பாள்.

துரத்த ஆள் இல்லை வைத்தியரே. நீர் போய்ச் சேரும்.